கரண்டு வந்ததும் தானாக எழும்பும் சர்வர்: பழைய பெட்டியில் மாற்ற வேண்டிய தொடக்க அமைப்புகள்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் கன்னியாகுமரி. ஆனி ஆடியில் காற்றும் மழையும், ஐப்பசியில் பிற்பகல் இடி, இடையிடையே மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் கிளை ஒன்று ஒடிந்து கம்பியில் விழுந்தாலே ஒரு மாலைப்பொழுது போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்டு போவதை யாராலும் தடுக்க முடியாது. கரண்டு வந்த பிறகும் சர்வர் எழும்பாமல் நிற்பதைத் தடுக்க முடியும்.

தக்கலையில் கடை, உரிமையாளர் நாகர்கோவிலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும் பையன் போனில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, லைட்டு எரியுது, பேன் சத்தம் கேக்குது, பில்லுதான் போட முடியல." ஓடிப்போய் மானிட்டரை மாட்டிப் பார்த்தால் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ஸ்ட்ரைக் தி எஃப்1 கீ டு கன்டினியூ, எஃப்2 டு ரன் தி சிஸ்டம் செட்டப் புரோகிராம். கீபோர்டே மாட்டாத பெட்டி, யாராவது ஒரு கீயை அழுத்துவார்கள் என்று மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறது.

ஆள் இல்லாமல் எழும்ப வேண்டும் என்றால், மின்சாரம் உள்ளே வருவதிலிருந்து பில் மென்பொருள் ஓடுவது வரை அந்தப் பெட்டி எங்கெல்லாம் மனிதனுக்காக நிற்கும் என்று தேடிப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே பதில் சொல்லி வைக்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் மற்ற எல்லா வேலையும் வீண். அதனால் மின்சாரம் போகிற வழியிலேயே, பேட்டரியில் தொடங்கி வரிசையாகப் போவோம்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். லினக்ஸ் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே தட்ட வேண்டும். பேரெழுத்து வேண்டிய இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கைவைக்கும் முன்

பேக்கப் எடுத்துவிட்டு, பயாஸ் (பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) திரைகள் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடியுங்கள். முக்கியமாக மூன்று: சாட்டா மோடு (டிஸ்க் போர்டோடு பேசும் முறை: ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு இவற்றில் எது), பூட் மோடு (பழைய பயாஸா, அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐயா), பூட் வரிசை. இந்தப் படங்கள் இல்லாமல் அமைப்புகள் அழிந்துபோனால், ரெய்டில் இருந்த விண்டோஸ் ஐடிஇ மோடில் எழும்பப் பார்த்து நீலத்திரையில் 7பி என்ற பிழையோடு விழும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. டிஸ்கில் ஒரு கோளாறும் இருக்காது, மோடு மட்டும் மாறியிருக்கும்.

முதலில் அந்தச் சின்ன பேட்டரி

பழைய மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்றுவது சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி. அது செத்திருந்தால் கீழே சொல்லப்போகிற எந்த மாற்றமும் அடுத்த நீண்ட மின்வெட்டோடு அழிந்துபோகும். எழும்பும் அமைப்பு சரியாகத்தான் இருந்தது, திடீரென்று மறந்துவிட்டது என்று சொல்லப்படும் பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சர்வரை முறையாக அணைத்து, பவர் கார்டுகளைக் கழற்றுங்கள். ரேக் சர்வரில் பெரும்பாலும் இரண்டு கார்டு இருக்கும். இரண்டையும் கழற்ற வேண்டும். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். சேசிஸின் (வெளிக்கூட்டின்) வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு, பேட்டரியின் பக்கவாட்டுக் கிளிப்பை நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ மெல்லத் தள்ளினால் அது தானே மேலே எழும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கிளிப் ஒடிந்தால் அதைச் சால்டர் செய்து மாற்றுவது ஒரு நாள் வேலை.

மல்டிமீட்டரில் புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரிக் கடலோரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பேட்டரி நன்றாக இருக்கும், கிளிப்பில் உப்புக்காற்று பட்டு வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதிய பேட்டரியை அழுத்திப் பொருத்துங்கள். மாற்றிய தேதியை ஸ்டிக்கரில் எழுதி சேசிஸின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

பேட்டரி செத்தால் கடிகாரமும் பல வருடம் பின்னால் போகும். அதன் விளைவு எதிர்பாராத இடத்தில் தெரியும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று இணையச் சேவைகள் மறுக்கும். லினக்ஸில் எக்ஸ்டி3, எக்ஸ்டி4 கோப்பு அமைப்பு உள்ள வட்டுகளைச் சோதிக்கும் நிரல், "கடைசியாக மவுன்ட் செய்த (வட்டை இணைத்த) நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்று சொல்லி நிற்கக்கூடும். இ2எஃப்எஸ்சிகே நிரலின் அமைப்புக் கோப்பில் புரோக்கன் சிஸ்டம் கிளாக் என்பதற்கு 1 கொடுத்தால் அந்த ஒரு புகாரைத் தாண்டிப் போகும். ஆனால் அது தற்காலிக வழிதான், பேட்டரியை மாற்றுவதே சரி.

"லாஸ்ட்" என்ற தேர்வை நம்பாதீர்கள்

கரண்டு திரும்ப வந்ததும் என்ன செய்வது என்ற அமைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. டெல் பவர்எட்ஜ் என்றால் தொடங்கும்போது எஃப்2 அழுத்தி, சிஸ்டம் செக்யூரிட்டி பக்கத்தில் ஏசி பவர் ரெக்கவரி. ஹெச்பி புரோலயன்டின் ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகளில் எஃப்9, பிறகு சர்வர் அவைலபிலிட்டி, அதில் ஆட்டோமேட்டிக் பவர்-ஆன். சூப்பர்மைக்ரோவில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பூட் ஃபீச்சர் என்பதற்குள் ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ். ஐபிஎம் சிஸ்டம் எக்ஸ் வகையில் எஃப்1 அழுத்தி, இன்டகிரேட்டட் மேனேஜ்மென்ட் மாட்யூல் பக்கத்தில் பவர் ரீஸ்டோர் பாலிசி. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பைச் சர்வராக வைத்திருந்தால் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஆஃப்டர் பவர் ஃபெயிலியர், ஏசி பேக், ஸ்டேட் ஆஃப்டர் ஜி3 என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

பெரும்பாலும் மூன்று தேர்வுகள் இருக்கும்: ஆஃப், ஆன், லாஸ்ட். மூன்றாவதன் பொருள், மின்சாரம் போனபோது பெட்டி எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பு என்பது. கேட்க நியாயமாக இருக்கும், பல பெட்டிகளில் ஆலை வைத்த தேர்வும் இதுவே. யுபிஎஸ் இருக்கும் இடத்தில் இதுதான் பொறி. யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக அணைக்கச் சொல்கிறது. சர்வர் கீழ்ப்படிந்து அணைகிறது. அதன் பிறகுதான் மின்சாரம் முழுதாகப் போகிறது. அப்போது கடைசி நிலை அணைந்த நிலை. கரண்டு வந்ததும் பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்து, அணைந்தே கிடக்கும். யுபிஎஸ் வாங்கிய பிறகுதான் சர்வர் தானாக எழும்புவதில்லை என்ற புகார் இங்கிருந்து வருவதுதான்.

ஆகவே ஆன் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஐபிஎம்ஐ (ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமலே சர்வரைக் கட்டுப்படுத்தும் மேலாண்மைச் சில்லு) வசதி உள்ள பெட்டியில் பயாஸுக்குள் போகாமலே செய்யலாம்: ஐபிஎம்ஐடூல் கட்டளையில் சேசிஸ், பாலிசி, ஆல்வேஸ்-ஆன் என்ற மூன்று சொற்களையும் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். செய்த பிறகு சேசிஸ் ஸ்டேட்டஸ் கேட்டு, பவர் ரீஸ்டோர் பாலிசி என்ற வரி மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சில பழைய போர்டுகளில் பயாஸ் ஒன்று சொல்லும், மேலாண்மைச் சில்லு வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒரே மாதிரி வையுங்கள்.

பக்கத்திலேயே தாமதம் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். காற்றுக் காலத்தில் கரண்டு ஒருமுறை வந்து நிலைப்பதில்லை. வந்து, பல்பு மங்கி, போய், மறுபடி வரும். ஒவ்வொரு வருகைக்கும் சர்வர் எழும்பத் தொடங்கினால் டிஸ்க்குகள் சுழன்று சுழன்று நிற்கும், பாதித் தொடக்கத்தில் அறுபடும். டெல்லில் யூசர் டிஃபைன்டு தேர்ந்தால் 240 விநாடி வரை வைக்கலாம், அந்த 240ஐயே வையுங்கள். ஹெச்பியில் பவர்-ஆன் டிலே 60 விநாடி வரை உண்டு. அசெம்பிள் பெட்டியில் இந்த வசதி அநேகமாக இருக்காது. ஃபிரிட்ஜுக்குப் போடுகிற, தாமதம் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று யுபிஎஸ்ஸுக்கு முன்னால் இருந்தால் அங்கே அதே வேலையை ஓரளவு செய்யும். யுபிஎஸ்ஸின் வாட் அளவை அது தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் போர்டில் இஆர்பி அல்லது டீப் ஸ்லீப் என்று ஒன்று இருந்தால் அதை அணையுங்கள். அது காத்திருப்பு மின்சாரத்தையே நிறுத்திவிடும். நேரம் வைத்து எழுப்புவது, நெட்வொர்க் வழியே எழுப்புவது இரண்டும் வேலை செய்யாமல் போகும்.

எஃப்1க்காக நிற்பது

டெல்லில் எஃப்1/எஃப்2 பிராம்ப்ட் ஆன் எரர் என்பதை டிஸேபிள்டு ஆக்குங்கள். பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து இது மிசலேனியஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் முதல் பட்டியலின் அடிப்பகுதியில் தேடுங்கள், அங்கேயே ரிப்போர்ட் கீபோர்டு எரர்ஸ் என்பதும் இருக்கும். ஹெச்பியில் போஸ்ட் எஃப்1 பிராம்ப்ட் என்பதற்கு டிலேய்டு 20 செகண்ட்ஸ் என்று ஒரு நடுத்தேர்வு உண்டு, அதுதான் நல்லது: ஆள் இருந்தால் படிக்க நேரம், இல்லையென்றால் தானே நகரும். சூப்பர்மைக்ரோவில் வெயிட் ஃபார் எஃப்1 இஃப் எரர் என்பதை டிஸேபிள்டு ஆக்குங்கள். பழைய அவார்டு பயாஸில் ஹால்ட் ஆன் என்பதற்கு ஆல், பட் கீபோர்டு கொடுக்கலாம். கீபோர்டு இல்லாததை மட்டும் மன்னித்து, மற்ற பிழைக்கு நிற்கும். அதையும் தாண்ட வேண்டுமென்றால் நோ எரர்ஸ்.

பிழையை மறைப்பது பிழையைச் சரிசெய்வதாகாது. ஃபேன் நின்றது, மெமரி குச்சி ஒன்று போனது, இரண்டு பவர் சப்ளையில் ஒன்று செத்தது போன்றவற்றைச் சொல்லத்தான் பெட்டி நிற்கிறது. நிற்காதே என்று சொல்லிவிட்டால் அந்தச் செய்தி வேறு வழியில் உங்களை வந்து சேர வேண்டும். ஐடிராக் அல்லது ஐலோவில் (டெல், ஹெச்பி பெட்டிகளின் மேலாண்மைச் சில்லு) மின்னஞ்சல் எச்சரிக்கையை இயக்குங்கள். அது இயலாவிட்டால், வாரம் ஒருமுறை முன்பக்க விளக்கு நீலமா ஆரஞ்சா என்று கடையில் உள்ளவர் பார்த்துச் சொல்லட்டும். இரண்டாவது பவர் சப்ளைக்குக் கார்டே மாட்டாமல் வைத்திருந்தால், அந்த ஒன்றுக்காகவே பெட்டி ஒவ்வொரு முறையும் புகார் சொல்லும். ஒன்று கார்டை மாட்டுங்கள், இல்லை சப்ளையை உருவி எடுத்து, அந்தத் துளையை மூடி போட்டு அடையுங்கள்.

ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு) பெட்டி நிற்கும் இன்னொரு இடம். டெல்லின் பெர்க் கார்டில் கன்ட்ரோல்+ஆர் அழுத்தி, கன்ட்ரோலர் மேனேஜ்மென்ட் தாளில் எனேபிள் பயாஸ் ஸ்டாப் ஆன் எரர் என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிடுங்கள். ரெய்டு பேட்டரி வடிந்துவிட்டது, தொடர ஒரு கீயை அழுத்து என்று அது கேட்பது பழைய கார்டுகளில் சகஜம். அந்த எச்சரிக்கையை அணைக்க வழி இருந்தாலும் பேட்டரியை மாற்றுவதுதான் முறை. பேட்டரி இல்லாத கார்டு தரவை நேராக டிஸ்கில் எழுதத் தொடங்கும், பில் போடும் நேரத்தில் வேகம் இறங்கும். அந்த வேகத்துக்காக "பேட்டரி இல்லாவிட்டாலும் கேஷில் (கார்டின் தற்காலிக நினைவகத்தில்) எழுது" என்ற தேர்வைப் போடுபவர்கள் உண்டு. நம் ஊர் மின்வெட்டுக்கு அது தரவைத் தீயில் வைப்பதற்குச் சமம்.

ஒரு கேள்வியை மட்டும் எந்த வழியிலும் தானாகப் பதில் சொல்ல விடாதீர்கள். டிஸ்க் காணவில்லை, கேஷில் எழுதாத தரவு மிச்சம் இருக்கிறது, அதை விட்டுவிடவா என்று ரெய்டு கார்டு கேட்பது அது. ஹெச்பியின் ஸ்மார்ட் அரே கார்டில் எஃப்1, எஃப்2 என்று இரண்டு வழி காட்டும். அதில் எஃப்2, தரவு இழப்பை ஏற்றுக்கொண்டு தொடர்வது. போனில் "எதையாவது அழுத்துடே" என்று சொல்லிவிடக்கூடாத இடம். அந்தத் திரை வந்தால் சர்வர் நிற்கட்டும், ஆள் போகட்டும். அநேகமாக டிஸ்க் ஒன்று தளர்ந்திருக்கும். அணைத்து, உருவி, மறுபடி செருகினால் எல்லாம் திரும்பி வரும் வாய்ப்பு நிறைய.

பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க் முதலில், நெட்வொர்க் கடைசியில் அல்லது முழுக்க அணைத்து. யுஎஸ்பியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். பேக்கப் எடுத்த பென் டிரைவைச் செருகியபடியே விட்டுப்போனதால் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று நிற்கும் சர்வர் புதிதல்ல. டெல்லில் பூட் சீக்வென்ஸ் ரீட்ரை என்பதை இயக்கினால், முதல்முறை டிஸ்க் கிடைக்காவிட்டாலும் 30 விநாடி கழித்து மறுபடி முயலும். மெதுவாகச் சுழலும் பழைய டிஸ்க்குகளுக்கு இது பெரிய உதவி.

யுபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும்

யுஎஸ்பி கேபிள் உள்ள யுபிஎஸ் என்றால் அதோடு பேசி சர்வரை முறையாக அணைக்கும் நட் அல்லது ஏபிசியுபிஎஸ்டி மென்பொருளைப் போடுகிறோம். பலரும் விட்டுவிடுவது கடைசிப் படி. சர்வர் அணையத் தொடங்கிய பிறகு, யுபிஎஸ் முழுக்கத் தீரும் முன் கரண்டு வந்துவிட்டால் என்ன ஆகும்? சர்வர் அணைந்து முடியும். யுபிஎஸ் தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சர்வரின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை, ஆகவே வரவும் இல்லை. ஏசி ரெக்கவரி ஆன் என்றிருந்தாலும் எழும்பாது. இதற்காகத்தான் அணைப்பின் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸிடம் "உன் வெளியீட்டையும் வெட்டிவிட்டுப் பிறகு கொடு" என்று சொல்லும் கில்பவர் ஏற்பாடு இருக்கிறது. நட்டில் யுபிஎஸ்மான் அமைப்பில் பவர்டவுன்ஃபிளாக் வரி இருக்க வேண்டும், அணைப்பின் முடிவில் யுபிஎஸ்டிஆர்விசிடிஎல் ஷட்டவுன் ஓட வேண்டும். யுஎஸ்பி டிரைவரில் ஆஃப்டிலே (வெளியீட்டை வெட்டும் முன் காத்திருப்பு) 20 விநாடி, ஆன்டிலே (திரும்பக் கொடுக்கும் முன் காத்திருப்பு) 30 விநாடி என்பதே இயல்பு. பழைய சர்வர் முழுதாக அணைய 20 விநாடி போதாது. ஆஃப்டிலே 120, ஆன்டிலே 180 என்று கூட்டுங்கள். ஆன்டிலே எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்.

ஏபிசியுபிஎஸ்டியில் பேட்டரி 5 சதவீதம் அல்லது 3 நிமிடம் மிஞ்சும்போது அணை என்பது இயல்பான கணக்கு. மூன்று வருடம் ஓடிய பேட்டரி 40 சதவீதத்திலிருந்து நேரே பூஜ்யத்துக்கு விழும், ஆகவே அந்தச் சதவீதத்தை நம்ப முடியாது. டைம்அவுட் என்பதற்கு 300 கொடுத்தால், சதவீதம் என்ன சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் அணைப்பு தொடங்கிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரை ஓட்டுபவர்களே இங்கே அதிகம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலை கொடுப்பதில் பல சர்வர் பவர் சப்ளைகள் ஒத்துழைக்காது. யுபிஎஸ் மோடு சுவிட்சு இருந்தால் அந்தப் பக்கம் தள்ளுங்கள். இல்லையென்றால் மாறும் அந்த நொடியிலேயே பெட்டி அணைந்து எழும்பும். இன்வெர்ட்டர் சர்வரோடு பேசாது என்பதுதான் மிச்சக் குறை. அதற்கு எளிய வழி: பழைய ரவுட்டர் ஒன்றை இன்வெர்ட்டர் வழியாக இல்லாமல் நேர் லைனில் மாட்டி, நெட்வொர்க்கோடு இணையுங்கள். சர்வரில் நிமிடத்துக்கு ஒருமுறை அதற்குப் பிங் அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஓடட்டும். தொடர்ந்து 30 முறை பதில் வராவிட்டால் கரண்டு இல்லை என்று பொருள், முறையாக அணைத்துவிடலாம். நெட்வொர்க் ஸ்விட்சையோ சர்வரின் நெட்வொர்க் கேபிளையோ யாராவது கழற்றியிருந்தாலும் அதே விளைவுதான் என்பதால், இன்வெர்ட்டரில் ஓடும் இரண்டாவது ஒரு கருவியின் முகவரிக்கும் பிங் அனுப்பி நெட்வொர்க் உயிரோடிருக்கிறது என்று உறுதி செய்த பிறகே அணைக்கும்படி எழுதுங்கள்.

இங்கும் அதே சிக்கல் வரும்: சர்வர் அணைந்திருக்க, இன்வெர்ட்டர் தீராமல் இருந்தால் எழுப்ப ஆளில்லை. அதற்குத்தான் பயாஸில் ரெஸ்யூம் பை ஆர்டிசி அலாரம் (உள் கடிகாரம் குறித்த நேரத்தில் எழுப்புவது). தினமும் காலை 6 மணிக்கு என்று வையுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது, அணைந்திருந்தால் கடை திறக்கும் முன் எழும்பிவிடும். வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியே எழுப்பும் வசதி) வைத்து ரவுட்டரிலிருந்தும் எழுப்பலாம். ஆனால் மின்சாரம் முழுதாகப் போய் வந்த பிறகு, ஒருமுறையாவது ஓடினால்தான் பல பழைய போர்டுகளுக்கு வேக்-ஆன்-லேன் நினைவு வரும்.

லினக்ஸ் பக்கம்

கிரப் (லினக்ஸை எழுப்பும் தொடக்க நிரல்) பட்டியல் ஐந்து விநாடியில் நகரும் என்று நம்பியிருப்போம். உபுன்டுவில் ரெக்கார்டுஃபெயில் என்று ஒன்று இருக்கிறது: முந்தைய தொடக்கம் முழுமையடையாமல் அறுந்திருந்தால், பழைய பதிப்புகளில் கிரப் பட்டியல் என்டர் அழுத்தும்வரை நிற்கும். பிந்தைய பதிப்புகளில் 30 விநாடி. கரண்டு வந்து, சர்வர் பாதி எழும்பி, மறுபடி கரண்டு போவதுதானே நம் ஊர் வழக்கம்? அந்தத் தோல்விக் குறி விழ அதுவே போதும். ஈடிசி அடைவில் டீஃபால்ட் என்பதற்குள் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, கிரப் ரெக்கார்டுஃபெயில் டைம்அவுட் என்ற பெயரைப் பேரெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதி (ரெக்கார்டுஃபெயில் என்பது ஒரே சொல்), சமக்குறி, 5 என்று முடியுங்கள். பிறகு அப்டேட்-கிரப் ஓட்டாவிட்டால் மாற்றம் ஏறாது.

அடுத்த நிறுத்தம் எஃப்எஸ்டேப், அதாவது தொடக்கத்தில் எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் கோப்பு. எப்போதோ மாட்டிய யுஎஸ்பி பேக்கப் டிஸ்கின் வரி அதில் இருக்கும், டிஸ்க் வீட்டில் இருக்கும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் நிரல்) 90 விநாடி தேடிவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய் ரூட் (முதன்மை நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும். அந்த வரியின் தேர்வுகளில் நோஃபெயில் சேருங்கள், கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் என்பதற்கு 15 விநாடி. உபுன்டு 14.04, அதற்கு முந்தையவற்றில் இதற்குப் பதில் நோபூட்வெயிட். இல்லையென்றால் எஸ் அழுத்தித் தாண்டு, எம் அழுத்திச் சரிசெய் என்று நிற்கும். ரூட் பகிர்வுக்கும் (லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பகுதி) தரவுத்தளம் இருக்கும் பகிர்வுக்கும் நோஃபெயில் போடாதீர்கள். தரவு டிஸ்க் ஏறாத நிலையில் தரவுத்தளம் வெற்று அடைவில் தொடங்கினால், கணக்கு முழுதும் மறைந்தது போலத் தெரியும். அதன் மேல் யாராவது புதிய பில் போட ஆரம்பித்தால் பிறகு இரண்டையும் சேர்ப்பது பெரும்பாடு.

திடீர் மின்வெட்டுக்குப் பின் வட்டுச் சோதனை சில கேள்விகளுக்கு ஆம், இல்லை கேட்கும். கர்னல் வரியில் (லினக்ஸின் மையமான கர்னலுக்குக் கிரப் கொடுக்கும் தேர்வுகள்) எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் என்று சேர்த்தால் தானே ஆம் சொல்லிக்கொள்ளும். சிஸ்டம்டி வராத டெபியன், உபுன்டுவில் டீஃபால்ட் அடைவின் ஆர்சிஎஸ் கோப்பில் எஃப்எஸ்சிகேஃபிக்ஸ்=யெஸ், இதில் பெயர் முழுதும் பேரெழுத்து. ஆம் சொல்வதால் சில கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவுக்குப் போகலாம், பேக்கப் இருந்தால் அந்த விலை ஏற்கத்தக்கதே. அதே கர்னல் வரியில் பேனிக்=10 சேர்த்தால், கர்னல் விழுந்தாலும் பத்து விநாடியில் மறுதொடக்கம் ஆகும்.

டிஸ்க் முழுதையும் லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்கம் கொண்டு பூட்டியிருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் கடவுச்சொல் கேட்கும். அதைத் தவிர்க்கச் சாவியை அதே டிஸ்கில் வைப்பது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது. டிராப்பேர் என்ற சிறு தொலை உள்நுழைவு நிரல் வழியே தொலைவிலிருந்து திறக்கலாம், அல்லது கடையில் வேறொரு பெட்டியில் திறக்க உதவும் டேங் சர்வர் வைத்து, இந்தப் பெட்டியில் கிளெவிஸ் நிரல் மூலம் தானாகத் திறக்கலாம்.

சேவைகள் எனேபிள் ஆகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையால் ஸ்டார்ட் செய்து மறந்த சேவை மறுதொடக்கத்தில் வராது. டாக்கர் கன்டெய்னர்களுக்கு (மென்பொருளைத் தனி உறையில் ஓட்டும் முறை) ரீஸ்டார்ட் கொள்கை அன்லெஸ்-ஸ்டாப்டு. சர்வருக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். டெஸ்க்டாப் பெட்டி அரை நிமிடத்தில் எழும்பும், ஃபைபர் மோடமும் ரவுட்டரும் இரண்டு நிமிடம் எடுக்கும். ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபிக்காகக் காத்திருந்தால் முகவரி இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்விட்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

விண்டோஸ் பக்கம்

2008 ஆர்2 பதிப்பில், தொடக்கம் ஒருமுறை அறுந்தால் அடுத்த தடவை ஸ்டார்ட்அப் ரிப்பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில் திரை வரும், 30 விநாடியில் அதற்குள் போய் ஆளுக்காக நிற்கும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையில் ஸ்லாஷ் செட், நெளிவு அடைப்பில் டீஃபால்ட், பூட்ஸ்டேட்டஸ்பாலிசி, இக்னோர்ஆல்ஃபெயிலியர்ஸ் என்று கொடுங்கள். அதே போல ரெக்கவரிஎனேபிள்டு என்பதற்கு நோ. பில் மென்பொருள் சேவையாக ஓடாமல், யாராவது உள்நுழைந்தால்தான் ஓடும் வகை என்றால் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோலாகான் (தானாக உள்நுழைய வைக்கும் கருவி) போதும். அந்தக் கணக்கு நிர்வாகி உரிமை இல்லாததாக இருக்கட்டும், உள்நுழைந்ததும் திரை பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள்.

சோதனை

மழைக்காலம் தொடங்கும் முன், கடை மூடிய நேரத்தில் செய்யுங்கள். கீபோர்டு, மானிட்டர், மவுஸ் மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் சோதனை. சில டெஸ்க்டாப் பெட்டிகள் மானிட்டர் இல்லாமல் எழும்பாது என்பது அப்போதுதான் தெரியவரும், அதற்கு ஒரு டம்மி ஹெச்டிஎம்ஐ பிளக் போதும்.

முதலில் சர்வரை முறையாக அணைத்து, பிளக்கை உருவி, ஒரு முழு நிமிடம் விட்டு மாட்டுங்கள். பவர் சப்ளையின் மின்தேக்கிகள் வடிய அந்த நேரம் வேண்டும். மாட்டியவுடன் ஒன்றும் நடக்கவில்லை என்று பதறி பட்டனை அழுத்தாதீர்கள். மேலாண்மைச் சில்லு எழும்ப ஒன்றிரண்டு நிமிடம், நீங்கள் வைத்த தாமதம் நான்கு நிமிடம், பழைய ரேக் பெட்டியின் சுயசோதனை இன்னும் மூன்று நான்கு நிமிடம். பத்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள்.

இரண்டாவது, ஓடும்போதே கரண்டு போவது. இதை ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும்போது செய்ய வேண்டியதில்லை. கிரப் பட்டியல் நிற்கும்போதோ பயாஸ் திரையிலோ பிளக்கை உருவினால் தரவுக்கு ஆபத்தில்லாமல் அதே நிலை கிடைக்கும்.

மூன்றாவது, இரண்டே விநாடி உருவி மாட்டுவது. சில பழைய போர்டுகள் இதில்தான் குழம்பும்: மின்சாரம் போனதாகவும் எண்ணாது, ஓடவும் செய்யாது. அப்படி நின்றால் அந்தப் பெட்டிக்கு யுபிஎஸ் கட்டாயம்.

கடைசியாக யுபிஎஸ். நட்டில் யுபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி என்று கொடுத்தால் பேட்டரி தீர்ந்த நாடகம் முழுதும் நடக்கும்: சர்வர் அணையும், யுபிஎஸ் வெளியீட்டை வெட்டும், திரும்பக் கொடுக்கும், சர்வர் எழும்பும். சுவர் பிளக் மாட்டியபடியே இதைச் செய்யுங்கள், நடுவில் கரண்டு வந்துவிடும் நிலைமைக்கு அதுதான் சோதனை. இன்னொரு நாள் யுபிஎஸ் முழுதாகத் தீரும்வரை விட்டு, பிறகு கரண்டு கொடுத்துப் பாருங்கள். முழுக்கத் தீர்ந்த பிறகு யாராவது பட்டனை அழுத்தினால்தான் உயிர் வரும் மாடல்களும் சந்தையில் இருக்கின்றன.

எல்லாம் தேறியதும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி சர்வரின் மேல் ஒட்டுங்கள்: கரண்டு வந்து பத்து நிமிடம் ஆகாமல் பட்டனைத் தொடாதே, திரையில் டிஸ்க், கேஷ், டேட்டா லாஸ் என்ற சொல் இருந்தால் எதையும் அழுத்தாமல் படம் எடுத்து அனுப்பு, பேட்டரி மாற்றிய தேதி, கூப்பிட வேண்டிய எண்.